குதிரையேறும் பிள்ளையும் வேலிக்கு வெளியே நிற்கும் உம்மாவும்

2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதலாந் திகதி, இங்கிலாந்தின் குட்வூட் திடலில் பெண்கள் மட்டும் பங்குபற்றும் மக்னோலியா கிண்ணப் போட்டி நடந்தது. தர்ம காரியத்துக்கு நிதி திரட்டுவதற்கான பந்தயம் அது. அதில் ஹேவர்லண்ட் என்ற குதிரையில் முதலாவதாக வந்தவர் பதினெட்டு வயதான கதீஜா மெல்லா. தலைக்கவசத்தின் கீழே ஹிஜாப் அணிந்திருந்தார். பிரிட்டனின் குதிரைப் பந்தயமொன்றில் ஹிஜாபுடன் போட்டியிட்ட முதற் பெண் என்று பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதின. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புவரை அவர் பந்தயக் குதிரை எதிலும் ஏறியதேயில்லை.

பந்தயம் என்றதும் முகம் சுளிக்கும் வாசகர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். நாம் கதைக்க வந்தது பந்தயத்தைப் பற்றியல்ல. அந்தப் பிள்ளை குதிரையேறப் பழகிய இடத்தைப் பற்றி.

தென் லண்டனில், பிரிக்ஸ்டன் பகுதியின் மாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே எபனி ஹோர்ஸ் கிளப் என்ற தர்ம ஸ்தாபனம் இருக்கிறது. 1996இல் ஆரம்பிக்கப்பட்டது. பணம் கட்டிக் குதிரையேற்றம் பழக வசதியில்லாத அயற் பிள்ளைகளுக்கானது. இதைவிடப் பழையது, அங்கவீனமுற்றோருக்கான குதிரையேற்றச் சங்கம். 1969இல் தொடங்கிய இதன் கிளைகள் இன்று பிரிட்டன் முழுவதும் உள்ளன. இளவரசி ஆன் 1985 முதல் அதன் தலைவியாக இருக்கிறார். இப்படியொரு எண்ணம் பரவக் காரணமானவர்களில் ஒருவர் லிஸ் ஹார்ட்டல் என்ற டென்மார்க் பெண்மணி. போலியோவினால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்துபோன அவர், பிறர் தூக்கிவிடக் குதிரையேறி 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்றார். நடக்க இயலாதவர் குதிரைமேல் அமர்ந்தால் இடுப்பும் முதுகும் நடப்பவரைப் போலவே அசைகின்றன. குதிரையின் நடை அப்படி. மூளைவாத நோயுள்ள பிள்ளைகளின் சமநிலைக்கு அது உதவுவதை வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். நோய் தீர்ந்துவிடும் என்று யாரும் சொல்வதில்லை.

நுவரெலியாவில் கிரகரி வாவியோரம் காசு கொடுத்து ஒரு சுற்றுச் சுற்றிவந்து இறங்கும் நமது பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் என்பது பத்து நிமிடக் குதூகலம். மேற்சொன்ன இடங்களில் அப்படியல்ல. அங்கே வாரந்தோறும் வரவேண்டும். பிள்ளை ஏறுவதற்கு முன்னரே வீட்டாரிடம் எதிர்பார்க்கப்படுபவை பல. முதலில் கேட்கும்போது, "இலவசமாகத் தருகிறோம் என்பதற்காக இத்தனை கெடுபிடியா?" என்றுதான் தோன்றும்.

படிவத்தில் எழுதத் தயங்குவது

முதலில் வருவது படிவம். பிள்ளையின் உயரம், நிறை, அருந்தும் மருந்து, ஒவ்வாமை எல்லாம் அதில் உண்டு. வலிப்பு வருவதுண்டா, கடைசியாக எப்போது வந்தது, திடீரென்று அடிக்கும் அல்லது ஓடும் பழக்கம் உண்டா என்றும் கேட்பார்கள். தேவையானால் வைத்தியரின் கையொப்பமும் வேண்டும். டவுண் சின்ட்ரோம் உள்ள பிள்ளையென்றால் கழுத்தைப் பற்றித் தனியாக விசாரிப்பார்கள். அப்பிள்ளைகள் சிலருக்குக் கழுத்தின் மேலிரண்டு எலும்புகளுக்கிடையே தளர்ச்சி இருக்கும். குதிரையின் குலுக்கலில் அது முண்ணாணை நெரித்துவிடக்கூடும்.

நம்மில் எத்தனை உம்மாமார் இந்தக் கேள்விகளுக்கு நேரான பதில் எழுதுவோம்? எழுதினால் சேர்க்க மாட்டார்களோ என்ற பயம் ஒருபுறம். பிள்ளையின் குறையை மச்சி மதினிக்குக்கூடச் சொல்லாமல் மறைத்து வளர்த்த பழக்கம் மறுபுறம். வலிப்பு வந்து ஒரு வருடமாயிற்று, இனி வராது என்று நம்மை நாமே சமாதானப்படுத்திக்கொண்டு அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவோம்.

குதிரைமேல் இருக்கும்போது வலிப்பு வந்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளையின் உடல் விறைக்கிறது. கால்கள் குதிரையின் விலாவை இறுக்குகின்றன. கால் இறுகினால் முன்னே போ என்றுதான் அந்தக் குதிரை பழகியிருக்கிறது. இருபுறமும் நடந்துவரும் தொண்டர்களுக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தால் ஒரு கணத்தில் பிள்ளையை அணைத்து இறக்கிவிடுவார்கள். அதற்கென்றே ஒத்திகை பார்ப்பவர்கள் அவர்கள். தெரியாதிருந்தால் அவர்களும் திகைப்பார்கள். உண்மையை எழுதிய எல்லோரையும் திருப்பியனுப்பி விடுவதுமில்லை. மருந்தினால் கட்டுப்பட்ட வலிப்புள்ள பிள்ளைகள் ஏறுகிறார்கள். ஏற முடியாத பிள்ளைக்குக் குதிரை வண்டி ஓட்டவோ, குதிரையைத் துலக்கிப் பராமரிக்கவோ இடம் கொடுக்கும் கிளைகளும் உண்டு.

தலைக்கவசமும் ஹிஜாபும்

உடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீண்ட காற்சட்டை, சிறிய குதி வைத்த சப்பாத்து. குதி இல்லாவிட்டால் பாதம் அங்கவடிக்குள் முழுவதும் நுழைந்து சிக்கிக்கொள்ளும்; விழுந்த பிள்ளையைக் குதிரை இழுத்துச் செல்லும். தலைக்கவசம் குதிரையேற்றத்துக்கென்று செய்யப்பட்டதாக இருக்கவேண்டும். சைக்கிள் ஹெல்மட் சரிவராது. ஒருமுறை விழுந்து அடிபட்ட கவசத்தை, பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மறுபடி அணிவிப்பதில்லை. அதனால்தான் யாரோ பாவித்ததை வாங்கிவர வேண்டாம் என்கிறார்கள்.

ஹிஜாப் அணியும் பிள்ளைக்குத் தடையேதும் இல்லை. ஆனால் மெல்லிய துணியில், ஒரே துண்டாகத் தைத்ததாக, ஊசியில்லாமல் இருக்கவேண்டும். விழும்போது கவசத்தின் கீழுள்ள ஊசி தலையில் ஏறிவிடும். தொங்கும் ஓரங்களைச் சட்டைக்குள் செருகிவிட வேண்டும். ஹிஜாபை அணிந்தபடியேதான் கவசத்துக்கு அளவெடுக்க வேண்டும். இதைப் பலர் மறந்துபோகிறார்கள். வெறுந் தலையில் அளந்து வாங்கிவிட்டுப் பிறகு துணியைக் கட்டினால் கவசம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும்.

வேலிக்கு வெளியே

ஒரு பிள்ளையின் அரை மணி நேரத்துக்காகக் குதிரையின் கயிற்றைப் பிடிக்க ஒருவர், பிள்ளையின் இருபுறமும் நடக்க இருவர், பயிற்றுவிக்க ஒருவர் என்று நால்வர் வருகிறார்கள். பெரும்பாலும் சம்பளமில்லாதவர்கள். அவர்களிற் சிலர் நேரத்தோடு வந்து குதிரையைப் பிடித்து, துலக்கி, குளம்பைச் சுத்தம் செய்து, சேணம் பூட்டி வைத்திருப்பார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் வராமல் விடுவதை இந்த நிலையங்கள் பாரதூரமாக எடுப்பதற்குக் காரணம் இதுதான். பல தடவை அப்படி நடந்தால் இடம் போய்விடும். காத்திருக்கும் பட்டியலில் உள்ள அடுத்த பிள்ளைக்குக் கிடைக்கும். குடும்பங்கள் கொடுக்கும் சிறு தொகை செலவில் ஒரு பங்குக்குத்தான் காணும். குதிரை தினமும் தின்கிறது. ஆறு, எட்டு வாரத்துக்கொரு முறை குளம்பு சீவ ஆள் வரவேண்டும். பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும் அந்தச் செலவு நிற்காது.

பிள்ளை ஏறிய பிறகு பெற்றோர் வேலிக்கு வெளியே நிற்கவேண்டும். வாய் திறக்கவும் கூடாது! நமக்கு ஆகக் கஷ்டமானது இதுவாகத்தான் இருக்கும். "நேரே இரு மகள்", "வாப்பாவைப் பார், போட்டோ எடுக்கிறார்" என்று நாம் கூப்பிட்டால் பிள்ளை திரும்பும், திரும்பினால் சாயும். திடலில் ஒரே குரல்தான் கேட்கவேண்டும், அது பயிற்றுநருடையது. போட்டோவில் பிறர் பிள்ளைகள் விழுந்தால் அவர்களது பெற்றோரின் சம்மதமும் தேவை.

குதிரை பெரிய பிராணிதான், ஆனால் பயந்த பிராணி. காட்டில் அது வேட்டையாடப்பட்ட இனம். ஓடித் தப்புவதே அதற்குத் தெரிந்த உபாயம். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குக் கண் தெரியாது. திடீரென்று விரியும் குடை, காற்றில் பறக்கும் பொலித்தீன் பை, பின்னாலிருந்து ஓடிவரும் தம்பி, இவையெல்லாம் அதற்குப் புலி மாதிரி. ஆகவே கூட்டிவரும் சின்னப் பிள்ளைகளைக் கையிற் பிடித்திருக்க வேண்டும். நாயைக் கொண்டுவரக் கூடாது. காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு நிற்கும் குதிரையின் அருகில் போகக் கூடாது.

கேளாமல் எதையும் ஊட்டவும் கூடாது. அன்பினால்தான் செய்கிறோம், என்றாலும் குதிரைக்கு வாந்தியெடுக்க இயலாது. உள்ளே போனது கீழ்வழியாகத்தான் வெளியேற வேண்டும். வெட்டிய புல்லைக் குவியலாகப் போட்டாலோ, ரொட்டித் துண்டுகளை அள்ளிக் கொடுத்தாலோ வயிறு ஊதி வலிக்கும். அந்த வலியே அதன் உயிரைக் குடிக்கலாம். கையால் ஊட்டிப் பழகிய குதிரை கையைத் தேடிக் கடிக்கவும் தொடங்கும்.

இறங்கிய பிள்ளையை உடனே காரில் ஏற்றிக்கொண்டு போகவும் பல இடங்களில் விடுவதில்லை. சேணத்தைக் கழற்றுவது, துலக்குவது, லாயத்தைக் கூட்டுவது ஆகியவற்றில் தன்னால் இயன்றதைப் பிள்ளை செய்யவேண்டும். ஒரு குதிரை நாளொன்றுக்குப் பதினைந்து, இருபது கிலோ சாணம் போடும். வீட்டில் தின்ற கோப்பையைக் கழுவாத பிள்ளை அங்கே மண்வெட்டியோடு நிற்பதைப் பார்த்து உம்மாமார் வாயடைத்துப் போவதுமுண்டு.

எல்லாவற்றிலும் கடினமான நிபந்தனை நிறை பற்றியது. குதிரையொன்று தன் நிறையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கலாகாது என்பது பொதுவான கணக்கு. சேணமும் அதில் அடக்கம். முந்நூறு கிலோ மட்டக்குதிரைக்கு அறுபது கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பல நிலையங்கள் அதற்கும் கீழேயே நிறுத்திக்கொள்ளும். ஏழு வயதிற் சேர்ந்த பிள்ளை பதினான்கு வயதில் வளர்ந்து கனத்துவிடும். தானாக நிமிர்ந்து உட்கார இயலாத பிள்ளையென்றால், பக்கத்தில் நடக்கும் தொண்டர்களாலும் தாங்க முடியாத ஒரு நாள் வரும். பெரிய குதிரை அங்கே இல்லையென்றால், "இனி ஏற்ற முடியாது" என்று ஒருநாள் சொல்லித்தான் ஆகவேண்டும். ஏழு வருடம் வாராவாரம் தவறாமல் கூட்டிவந்த உம்மாவுக்கு அந்த வார்த்தை எப்படியிருக்கும்! பிள்ளை என்ன பிழை செய்தது என்று கேட்கத் தோன்றும். பிழை யாருடையதுமில்லை. குதிரை முதுகு நோகிறது என்று வாய்திறந்து சொல்லாது. அதற்காகப் பேச அந்தத் தராசு ஒன்றுதான் உண்டு. அதனால்தான் நல்ல நிலையங்கள் இந்த விஷயத்தைச் சேர்க்கும் நாளிலேயே பெற்றோரிடம் சொல்லிவிடுகின்றன.

அதன்பிறகும் வருகின்ற பிள்ளைகள் உண்டு. ஏறுவதற்கல்ல, துலக்குவதற்கும் கயிறு பிடிப்பதற்கும். முன்பு தாம் ஏறிய அதே குதிரையில் இன்னொரு பிள்ளையை ஏற்றிவைத்து அதன் பக்கத்தில் நடக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு படிவம் இருக்கிறது. நேரத்துக்கு வரவேண்டும், குதி வைத்த சப்பாத்து அணியவேண்டும், குதிரையின் பின்பக்கமாகப் போகக் கூடாது.