தலைவர் ஒருவரா, அங்கத்தினர் அனைவருமா?

பலர் கூடித் தொழில் செய்யும் இடங்களிலெல்லாம் எழும் வினா ஒன்றுண்டு. முடிவு கூறும் உரிமை ஆற்றல் மிக்க தலைவர் ஒருவரிடம் இருத்தல் நன்றா, அன்றி அங்கத்தினர் அனைவரிடமும் இருத்தல் நன்றா? சங்க மகாசபைகளில் நாம் கேட்டுப் பழகிய இவ்வினா, திறந்த மூல மென்பொருள் துறையிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுந்து வருகிறது. அங்குக் கிடைத்த அனுபவம் நம் வாசகர்களும் அறியத் தக்கது.

கணிப்பொறியை இயக்கும் கட்டளைத் தொகுப்பே மென்பொருள். நெசவாளர் ஒருவர் தம் புட்டா அமைப்பை மறைத்து வைக்காமல், எவரும் எடுத்து நெய்யலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் வழங்கலாம் என்று விட்டுவிடுவதை ஒத்தது திறந்த மூல முறை. பல நாட்டினர் திருத்தங்களை அனுப்புவர். ஒன்றுக்கொன்று முரணானவையும் வரும். எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று யாரேனும் கூறியே தீரவேண்டும்.

முதலாவது, தனித் தலைமை முறை. பின்லாந்தில் மாணவராக இருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் லினக்ஸ் கருவை வெளியிட்டார். பகுதிதோறும் உள்ள பொறுப்பாளர்கள் திருத்தங்களைச் சோதித்து அனுப்ப, இறுதியில் ஏற்பவர் அவரே. இதனால் முடிவு விரைவாகக் கிடைக்கிறது, பணியும் சிதறுவதில்லை. ஆயினும் தலைவரின் கடுஞ்சொல் பலரை வருத்தியதுண்டு. 2018 செப்டம்பரில் அவரே அதற்கு வருத்தம் தெரிவித்துச் சில வாரங்கள் விலகியிருந்தார்.

இரண்டாவது, சாசன முறை. 1993-இல் தோன்றிய டெபியன் 1998-இல் எழுத்து வடிவிலான சாசனத்தை ஏற்றது. தலைவர் ஆண்டுதோறும் வாக்கெடுப்பால் தெரிந்தெடுக்கப்படுகிறார். அவருடைய முடிவையும் அங்கத்தினர்கள் பொதுத் தீர்மானத்தால் மாற்றலாம். இம்முறையும் இடரற்றதன்று. கணிப்பொறி விழித்தெழும்போது முதலில் இயங்க வேண்டிய நிரல் எது என்பதில் 2014-இல் தொழில்நுட்பக் குழு சரிபாதியாகப் பிளவுற்றது. குழுத் தலைவரின் முடிவு வாக்கே வழக்கைத் தீர்த்தது. மனம் ஒப்பாதார் சிலர் அவ்வாண்டிலேயே பிரிந்து, டெவுவான் என்னும் தனித் தொகுப்பைத் தொடங்கினர்.

முதல் முறையிலிருந்து இரண்டாவதற்கு மாறியது பைத்தான். அதனைப் படைத்த குயிடோ வான் ரோசம், “வாழ்நாள் முழுதும் நல்லெண்ணச் சர்வாதிகாரி” என்று வேடிக்கையாக அழைக்கப்பட்டவர். புதிய குறியீடொன்றைச் சேர்ப்பது பற்றிய கடும் விவாதத்தால் சோர்வுற்று, 2018 ஜூலையில் அவர் அப்பொறுப்பைத் துறந்தார். வாரிசு எவரையும் நியமிக்கவில்லை. எவ்வாறு ஆளப்படுவது என்பதையே அங்கத்தினர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியதாயிற்று. பல திட்டங்களை ஆராய்ந்து, அவ்வாண்டு டிசம்பரில் வாக்களித்து, 2019 தொடக்கத்தில் ஐவர் கொண்ட குழுவைத் தெரிந்தெடுத்தனர். ஒரே நிறுவனத்தின் ஊழியர் இருவருக்கு மேல் அதில் இடம்பெறலாகாது என்பதும் விதியாயிற்று. முன்னாள் தலைவரும் முதற்குழுவில் வாக்குப் பெற்ற ஓர் அங்கத்தினராக அமர்ந்தார்.

ஒருவர் கையில் இத்துணை அதிகாரம் இருந்தும் லினக்ஸ் போன்ற முயற்சிகள் நிலைப்பது எவ்வாறு? பிரிந்து செல்லும் உரிமையே காரணம் எனலாம். தலைவர் தவறினால் தொகுப்பு முழுவதையும் படியெடுத்துக் கொண்டு எவரும் வேறு வழி காணலாம், மூலமும் குறைவதில்லை. இதனை அறிந்த தலைவர் பிறர் சொல்லுக்குச் செவிசாய்த்தே ஆகவேண்டும்.

இங்குதான் நாம் கருத்தூன்ற வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தை விட்டு விலகுவோர் பங்குத் தொகையைப் பெறலாமேயன்றிக் கட்டடத்தையும் சேமநிதியையும் உடன் கொண்டு செல்ல இயலாது. பிரிந்து செல்லுதல் எளிதன்று ஆதலால், தலைவரை நெறிப்படுத்தும் வேலை முழுவதையும் வாக்கும் துணைவிதியுமே செய்யவேண்டியிருக்கிறது. மென்பொருளார்க்குப் பொருந்தும் தனித் தலைமை நமக்கும் பொருந்தும் என்று கொள்ளுதல் தகாது.

தலைவரின் திறமை பெருஞ்செல்வமே. ஆயின் அவர் களைப்புற்றால் பொறுப்பேற்பவர் யார், அவர் முடிவை மாற்றும் வழி யாது என்பனவற்றை, அவர் நல்ல நிலையில் இருக்கும்போதே விதியாக எழுதி வைத்தல் வேண்டும். பைத்தானார் தலைவர் விலகிய பின்னர் ஆறு திங்களுக்கு மேல் செய்த பணியை, நாம் முன்னரே செய்து கொள்ளலாம்.