சிமிட்டிக்குள் வளரும் சுண்ணாம்புப் படிகங்கள்

வெற்றிலைச் சுண்ணாம்பு நீற்றிய கலயத்தில் தெளிந்து நிற்கும் நீரை ஓரிரவு மூடாது வைத்திருப்பின், காலையில் அதன்மீது மெல்லிய வெண்ணிற ஏடு படர்ந்திருக்கக் காணலாம். காற்றிலுள்ள கரியமில வாயு நீரில் கரைந்து, அங்குள்ள சுண்ணாம்புடன் கூடிக் கால்சியம் கார்பனேட்டாகப் படிந்ததன் விளைவே அவ்வேடு. இதே வினை பள்ளிகளின் கூரைத் தளங்களிலும், பாலங்களிலும், குடிநீர்த் தொட்டிகளிலும் ஓசையின்றி நடந்து வருகிறது. சில இடங்களில் அது கட்டடத்தைக் காக்கிறது. வேறு சில இடங்களில் அதன் கேட்டிற்கே வழி திறந்து விடுகிறது.

சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சுமார் 1,450 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் சூளையிலிட்டுச் சுட்டு, சிறிது ஜிப்சம் சேர்த்து அரைப்பதே சிமிட்டி. சுடும்போது கல்லிலிருந்த கரியமில வாயு வெளியேறி விடுகிறது. பின்னர் சிமிட்டியுடன் நீர் சேருங்கால், வலிமை தரும் கால்சியம் சிலிகேட் கூழ் தோன்றுவதோடு, நீற்றிய சுண்ணாம்பும் பிரிகிறது. இறுகிய சிமிட்டியின் பருமனில் ஏறக்குறைய 20 முதல் 25 சதவிகிதம் இச்சுண்ணாம்பே ஆகும். சூளையில் இழந்த வாயுவை அது காற்றிலிருந்து சிறுகச் சிறுக மீட்டுக்கொள்கிறது எனலாம்.

இம்மீட்சிக்குச் சிமிட்டியின் நுண்துளைகளில் ஈரம் வேண்டும். வாயுவும் சுண்ணாம்பும் அவ்வீரத்தில் கரைந்தே சந்திக்கின்றன. முதலில் உருவமற்ற நுண்துகள்கள் படிகின்றன. அவை நிலையற்றவை, மீண்டும் கரைந்து, ஒழுங்கான முகங்களையுடைய கால்சைட் படிகங்களாக வளர்கின்றன. ஒரு படிகம் தோன்றியபின், புதிதாக வரும் பொருள் பெரும்பாலும் அதன் முகங்களின்மீதே படிவதால், அது துளையை அடைத்துக்கொண்டு பெருக்கும். துளைகள் முழுதும் நீரால் நிறைந்திருப்பின் வாயு எளிதில் நுழையாது. முற்றும் உலர்ந்திருப்பினும் வினை நிகழாது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 50 முதல் 70 சதவிகிதமாக இருக்கும்போதே இது விரைந்து நடைபெறும்.

புதிய நீர்த்தொட்டியில் மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று சில வாரங்கள் கசிந்து, பிறகு தானே நின்றுவிடுவதைக் களப்பணியாளர் பலர் கண்டிருப்பர். வெடிப்பின் இரு சுவர்களிலிருந்தும் படிகங்கள் வளர்ந்து நடுவே பிணைந்து கொள்வதே இதன் முக்கியக் காரணம். சுமார் 0.1 அல்லது 0.2 மில்லிமீட்டருக்கு உட்பட்ட, மேலும் விரியாத வெடிப்புகளே இவ்வாறு ஆறும். அவ்விடத்தில் தோன்றும் வெண்கோட்டை அழுக்கென எண்ணிச் சுரண்டுதல் தகாது.

இரும்புக் கம்பி பதித்த காங்கிரீட்டில் நிலைமை வேறு. சுண்ணாம்பின் காரத்தன்மையால் துளைநீரின் பி.எச். எண் 12.5-க்கும் மேலாக உள்ளது. அந்தக் காரத்தில் கம்பியின்மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகித் துருவைத் தடுக்கும். சுண்ணாம்பு கார்பனேட்டாக மாறினால் பி.எச். எண் 9-க்கும் கீழே இறங்கிவிடும், படலம் சிதையும். ஈரமும் பிராணவாயுவும் கிட்டினால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பன்மடங்கு பருமனுடையதாதலின், காங்கிரீட்டைப் பிளந்து தள்ளும். வகுப்பறைச் சன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடிலிருந்து, கீழே பிள்ளைகள் நிற்கும் இடத்தில், காரை பெயர்ந்து விழுவது பல சமயங்களில் இதனாலேயே. விந்தை யாதெனில், படிகம் நிறைந்த மேற்புறம் முன்னிலும் கெட்டியாகவே இருக்கும். ஆகவே சுத்தியல் வகைக் கருவி வலிமையை மிகைப்படுத்திக் காட்டும்.

இம்மாற்றம் உள்நோக்கிச் செல்லும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஓரிடத்தில் 10 ஆண்டுகளில் 10 மில்லிமீட்டர் சென்றிருந்தால், 20 மில்லிமீட்டரை எட்ட 40 ஆண்டுகள் ஆகும். கம்பிக்கு வெளியேயுள்ள காங்கிரீட்டின் கனத்தை, அதாவது கொத்தனார்கள் ‘கவர்’ என்பதை, பாதியாகக் குறைத்தால் பாதுகாப்புக் காலம் பாதியாகாது, கால் பங்காகிவிடும்.

ஆழத்தை அறியும் சோதனை எளிது. பள்ளி ஆய்வுக்கூடத்திலுள்ள பினால்ப்தலீன் கரைசலே போதும். புதிதாக உடைத்த முகத்தில் தூசியை ஊதி நீக்கிக் கரைசலைத் தெளித்தால், காரம் எஞ்சிய பகுதி இளஞ்சிவப்பாகும். மாறிவிட்ட பகுதி நிறமற்றிருக்கும். நிறமற்ற பட்டை கம்பியைத் தொட்டுவிட்டதா என்பதே பார்க்க வேண்டியது. கடற்கரைப் பகுதிகளில் மட்டும் சிவப்பு நிறத்தை நம்பியிருத்தல் கூடாது. உப்பிலுள்ள குளோரைடு, காரம் இருக்கும்போதே கம்பியைத் தாக்க வல்லது.

பட்டை கம்பியைக் கடந்து துரு தொடங்கிய இடத்தில், மேலே சிமிட்டிச் சாந்து பூசி மறைப்பதால் பயனில்லை. கம்பியின் பின்புறம்வரை பழைய காங்கிரீட்டைக் கொத்தி எடுத்து, துருவை நன்கு சுரண்டியபின் புதிதாக இடவேண்டும். புதுக் கட்டடத்திலோ, இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 (2000) சாதாரணச் சிமிட்டிக்குக் குறைந்தது 7 நாட்கள் நீர் விட்டு ஈரம் காக்கச் சொல்கிறது. கவர் மிதமான சூழலுக்கு 30 மில்லிமீட்டர். கம்பிக்கடியில் ஜல்லித் துண்டைச் செருகும் வழக்கம் பல இடங்களில் உண்டு. காங்கிரீட் கொட்டுவோர் கம்பிமேல் நடக்கையில் அத்துண்டு நழுவிவிடும். கம்பியும் பலகையில் படிந்துவிடும். சிமிட்டிச் சாந்தில் வார்த்த கட்டையைக் கம்பியோடு கட்டி வைப்பதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பமே.