கால்சியம் மாத்திரைக்கு அடங்காத எலும்பு வலி

திமிரி, ஆற்காடு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் இடுப்பு வலிக்குக் காரணம் தேடி யாரும் அலைவதில்லை. ஷூ கம்பெனியில் நாள் முழுக்கத் தைப்பவர்களுக்கும் டேனரியில் ஈரத்தோல் தூக்குபவர்களுக்கும் வேலைதான் காரணம் என்று முடித்துவிடுவோம். பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆனால் வலி மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே போய், கை ஊன்றாமல் தரையிலிருந்து எழ முடியாமல், நடை வாத்துபோல் அசைந்து, அடிபடாமலே எலும்பில் விரிசல் விழுந்தால் வேலையின் மேல் பழிபோட்டு இருந்துவிடக் கூடாது.

சிறு கட்டி, பெரிய சேதம்

மிக அரிதாகச் சிலருக்கு உடலில் எங்கோ ஒரு சிறு கட்டி தோன்றி, எஃப்.ஜி.எஃப்-23 என்ற ஹார்மோனை அளவுமீறிச் சுரக்கும். அதனால் சிறுநீரகம் பாஸ்பேட்டைச் சிறுநீரோடு வெளியேற்றிவிடும்; வைட்டமின் டி செயல்வடிவம் பெறுவதும் குறையும். பாஸ்பேட் இல்லாமல் எலும்பு இறுகாது. கட்டி பெரும்பாலும் புற்றுநோயல்ல. ஆனால் பாதம், தொடை, தாடை, மூக்கையொட்டிய எலும்பறை என எங்கும் ஒளிந்திருக்கலாம். இப்படி ஒரு நோயாளியைப் பற்றி 1947-லேயே பதிவாகிவிட்டது. ஹார்மோன் இன்னதென்று தெரிய இந்த நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

முதலில் இரத்தம், பிறகு ஸ்கேன்

"எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடலாமே சார்" என்று நாமே கேட்கிறோம். இந்த நோயில் அந்த அவசரம் உதவாது. எலும்பு முறிந்து கூடும் இடங்களும் ஸ்கேனில் ஒளிரும். அதையே கட்டி என்று நினைத்து ஏமாறலாம்.

கால்சியம் பார்க்கிறார்கள், வைட்டமின் டி பார்க்கிறார்கள், மூட்டுவாதப் பரிசோதனையும் செய்கிறார்கள். இரத்தத்தில் பாஸ்பேட் அளவைக் காட்டும், செலவு குறைந்த பாஸ்பரஸ் பரிசோதனைதான் பலநேரம் விடுபடுகிறது. பெரியவர்களுக்கு அது டெசிலிட்டருக்குச் சுமார் 2.5 முதல் 4.5 மில்லிகிராம் இருக்க வேண்டும். குறைந்தால், சிறுநீரில் பாஸ்பேட் வீணாகிறதா என்று பார்ப்பார்கள். டெனோஃபோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையும் சிலவகை இரும்புச்சத்து ஊசிகளும்கூட பாஸ்பேட்டைக் குறைக்கும். எடுத்துக்கொண்ட மருந்துகளை மறைக்காமல் சொல்லுங்கள்.

தலை முதல் கால்விரல் வரை

இரத்தமும் சிறுநீரும் சந்தேகத்தை உறுதி செய்த பிறகே காலியம்-68 டோட்டாடேட் என்ற கதிரியக்க மருந்தைக் கொண்டு பெட்-சி.டி. ஸ்கேன். இந்தக் கட்டிகளின் மேல் சோமாடோஸ்டாடின் ஏற்பிகள் நிறைய உண்டு. ஊசியில் செலுத்தும் இந்த மருந்து அங்கே போய் ஒட்டிக்கொள்ள, கட்டி ஒளிர்ந்து தெரியும். காலியத்தின் கதிர்வீச்சு 68 நிமிடத்தில் பாதியாகிவிடுவதால் உடனுக்குடன் தயாரித்துப் பயன்படுத்த வேண்டும். வழக்கமான பெட் ஸ்கேன் தொடையோடு நின்றுவிடும். இந்த நோயிலோ கட்டி குதிகாலிலும் இருக்கலாம். ஆகவே கால்விரல் வரை எடுக்க வேண்டும். இடம் தெரிந்ததும் எம்.ஆர்.ஐ. அதன் அளவையும் ஆழத்தையும் காட்டும்.

இதற்காகத் திமிரிக்காரர்கள் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய வேலூர் சி.எம்.சி.யில் இன்று நாளமில்லாச் சுரப்பிப் பிரிவும் அணுக்கதிர் மருத்துவப் பிரிவும் இருக்கின்றன. இந்நோயாளிகளைப் பற்றி அங்குள்ள மருத்துவர்கள் ஆய்விதழ்களில் எழுதியும் இருக்கிறார்கள்.



கட்டியை முழுதாக அகற்றினால் பெரும்பாலும் சில நாட்களிலேயே பாஸ்பேட் சீராகிவிடும். எலும்பு தேற மாதங்கள் ஆகும். கட்டி அகப்படாதவர்களுக்கு பாஸ்பேட் மருந்தும் செயல்வடிவ வைட்டமின் டியும் உண்டு. அடுத்தமுறை எலும்பு வலிக்காக மருத்துவரைப் பார்க்கும்போது, "பாஸ்பரஸ் பார்த்தாச்சா டாக்டர்?" என்று கேளுங்கள்.