ஏற்காட்டில் 20 சென்ட் வாங்கப் போறீங்களா? வியூவைப் பார்க்கும் முன் தடத்தைப் பாருங்க!

ராத்திரி 11 மணி. ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போகிறீர்கள். சட்டென்று ஒரு வீடியோ. நீலக் கடல், நடுவில் பச்சைப் புள்ளியாக ஒரு தீவு, அதில் ஒரே ஒரு வீடு. 'தனித்தீவு விற்பனைக்கு!' விலையைப் பார்த்ததும் சிரித்துவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவீர்கள்.

நம்ம ஊரில் அந்த ஆசைக்கு இடமே இல்லை. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் இருக்கும் 21 தீவுகளும் தேசியப் பூங்காவில் அடங்கியவை. விலைக்கு வராது. பக்கத்தில் இலங்கைக்குப் போனால் வெலிகம கடற்கரையில் டாப்ரோபேன் என்று ஒரு குட்டித் தீவு இருக்கிறது. 1920-களில் ஒரு பிரெஞ்சுக்காரர் அங்கே மாளிகை கட்டினார். 1950-களில் எழுத்தாளர் பால் பௌல்ஸ் அதை வாங்கினார். கரையிலிருந்து கடல் தண்ணீரில் நடந்துதான் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். போட்டோவில் அழகு. கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போகும்போது தெரியும்!

ஆனால், அடுத்த ரீல் நம் பட்ஜெட்டுக்குள் வருகிறது. பனிமூட்டம், சில்வர் ஓக் மரங்கள், காபிச் செடி, மேலிருந்து டிரோன் ஷாட். 'ஏற்காட்டில் உங்கள் சொந்த எஸ்டேட். வெறும் 20 சென்ட்டிலிருந்து!' விரல் நின்றுவிடும். என் தோழிக்கும் நின்றது.

அவளும் கணவரும் சென்னையில் ஐ.டி வேலை. ஆறு வருடச் சேமிப்பு கையில் இருந்தது. 20 சென்ட், 16 லட்சம் ரூபாய். ஜனவரியில் போய்ப் பார்த்தார்கள். குளிர், மூடுபனி, காபிப் பழம் சிவந்து கிடந்த தோட்டம். அங்கேயே ஒரு லட்சம் அட்வான்ஸ். திரும்பும் வழியில், பக்கத்துத் தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறாள். பாட்டி சொன்னது ஒரே வரி. "சித்திரையில ஒருக்கா வந்து பாரு கண்ணு. அப்புறம் முடிவு பண்ணு."

ஏன் அப்படிச் சொன்னார்? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

மலையும் ஒரு தீவுதான்

மேப்பை எடுத்துப் பாருங்கள். சேர்வராயன் மலை, சேலம் சமவெளியிலிருந்து தனியாக எழும்பி நிற்கிறது. சேலம் நகரம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 30 கிலோமீட்டர் தள்ளி ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். கீழே வெயில் கொளுத்தும்போது மேலே ஸ்வெட்டர் தேடுவதற்கு இந்த உயரம்தான் காரணம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்து நட்டதும் இந்தக் குளிரை நம்பித்தான்.

தீவுக்கு என்ன பிரச்னையோ அதேதான் மலைக்கும். போய்ச் சேர வழி வேண்டும். குடிக்கத் தண்ணீர் வேண்டும். அங்கே வீடு கட்டிக்கொள்ள உரிமை வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் நீங்கள் வாங்குவது நிலம் இல்லை, வெறும் வியூ. வியூவுக்குப் பட்டா கிடையாது பாஸ்!

முதலில், தடம்

சேலம் பக்கம் பாதையைத் 'தடம்' என்பார்கள். கிரயப் பத்திரத்தில் 'மாமூல் தடம்', 'வழிநடை பாத்தியம்' என்றெல்லாம் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மலையில் இந்த இரண்டு வார்த்தைகளுக்கு நிலத்தைவிட மதிப்பு அதிகம்.

சைட் பார்க்கப் போகும்போது ஜீப்பில் கூட்டிப்போவார்கள். அந்தப் பாதை யாருடையது என்று கேளுங்கள். பல இடங்களில் அது பக்கத்து எஸ்டேட்டின் சொந்தப் பாதையாக இருக்கும். இன்றைக்கு நல்ல மனதோடு விட்டிருப்பார்கள். நாளைக்கு எஸ்டேட் கைமாறினால் கேட் போட்டுவிடுவார்கள். பிறகு கோர்ட், வக்கீல், வாய்தா.

செக் பண்ணுவது எப்படி? எஃப்.எம்.பி எனப்படும் புலப்படத்தில் பொதுப் பாதை காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், உங்கள் பத்திரத்தில் பாதை உரிமை சர்வே எண், அகலத்தோடு எழுதப்பட வேண்டும். அதை எழுதிக்கொடுப்பவர், அந்தப் பாதை நிலத்தின் உரிமையாளராக இருக்க வேண்டும். 'வாய் வார்த்தை போதும் சார்' என்று சொன்னால், அங்கேயே கும்பிடு போட்டுவிடுங்கள்.

மெயின் ரோட்டையும் யோசியுங்கள். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். குப்பனூர் வழியாக இன்னொரு பாதை இருக்கிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து தடைபட்டது. லீவுக்கு மட்டும் வருபவருக்கு அது ஒரு நியூஸ். அங்கேயே வாழ்பவருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி.

இரண்டாவது, தண்ணீர்

ஏரி இருக்கும் ஊர்தானே, தண்ணீருக்கு என்ன குறை என்று தோன்றும். மலையில் பெய்யும் மழை நிற்காது, ஓடிவிடும். டிசம்பரில் நிரம்பி வழியும் கிணறு, ஏப்ரலில் அடி தெரியும். பாறைக்குள் போடும் போர்வெல் லாட்டரி மாதிரி. பக்கத்து நிலத்தில் 200 அடியில் வந்தது என்பதற்காக உங்கள் நிலத்திலும் வரும் என்று அர்த்தமில்லை. போர்வெல் போட முன் அனுமதி தேவையா என்பதையும் ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாட்டி சித்திரையில் வரச் சொன்னது இதற்குத்தான். சீசனில் நிலம் விற்பவர்கள் சீசனைத்தான் காட்டுவார்கள். நீங்கள் ஏப்ரல், மே மாதத்தில் போங்கள். டேங்கர் லாரி வருகிறதா, ஒரு லோடு எவ்வளவு, உங்கள் சைட் வரைக்கும் லாரி ஏறுமா என்று டீக்கடையில் விசாரியுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம். நீங்கள் ஆழமாக போர் போட்டு இழுக்கும் தண்ணீர், கீழே இருக்கும் கிராமத்து ஊற்றுத் தண்ணீராகவும் இருக்கலாம்.

மூன்றாவது, அந்த நிலம் யாருடையது?

ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. இங்கே தலைமுறைகளாக வாழ்பவர்கள் மலையாளி பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அவர்கள் பேசுவது தமிழ். பழங்குடியினருக்கும் நிலமற்ற ஏழைகளுக்கும் அரசு ஒப்படை செய்த நிலங்களை, ஊரில் 'கண்டிஷன் பட்டா' என்பார்கள். யாருக்கு விற்கலாம், எத்தனை வருடம் விற்கக் கூடாது என்று அதில் நிபந்தனைகள் இருக்கும். மீறி வாங்கினால், ஒப்படையையே அரசு ரத்து செய்யலாம். காசு போவது உங்களுக்கு. நிலம் போவது அந்தக் குடும்பத்துக்கு. நடுவில் கமிஷன் வாங்கியவர் மட்டும் சேஃப்.

இன்னொரு வகை, 1949-ம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் நிலம். பட்டா தனியார் பெயரில் இருந்தாலும், மாவட்டக் குழுவின் அனுமதி இல்லாமல் அதை விற்கவே முடியாது. எனவே பட்டாவை மட்டும் பார்த்தால் போதாது. 'அ' பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாடு என்ன என்று பாருங்கள். பத்திரம் பதிவானதாலேயே நிலம் உங்களுடையது என்று உறுதியாகிவிடாது. விற்றவருக்கு உரிமை இருந்தால்தான் உங்களுக்கும் உரிமை.

வீடு கட்டலாமா?

மலையில் சமவெளி ரூல்ஸ் செல்லாது. மலைப்பகுதிப் பாதுகாப்புக்காக 1990-ல் அமைக்கப்பட்ட ஆணையத்தைச் சுருக்கமாக 'ஹாகா' என்பார்கள். ஹாகா பட்டியலில் உள்ள கிராமங்களில் மனை பிரிக்க வேண்டுமானால், டி.டி.சி.பி அனுமதி மட்டும் போதாது. வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை ஆகியவற்றின் கருத்தும் வேண்டும். சரிவு தாங்குமா, மண் நகருமா என்பதை அவர்கள்தான் பார்ப்பார்கள். 'டி.டி.சி.பி அப்ரூவ்டு' என்று நோட்டீஸில் இருந்தால், 'ஹாகா ஆர்டர் காப்பி கொடுங்க' என்று கேளுங்கள்.

நிலத்தில் நிற்கும் மரமும் முழுக்க உங்கள் இஷ்டம் இல்லை. மலைப்பகுதிகளுக்கு 1955-ம் ஆண்டிலிருந்தே தனி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வியூவை மறைக்கிறதே என்று வெட்டும் முன் அனுமதி கேட்க வேண்டும்.

அனுமதி இல்லாமல் கட்டினால் என்ன ஆகும்? ஒரு நிஜத் தீவின் கதை இருக்கிறது. கேரளாவில் வேம்பநாட்டு ஏரிக்குள் நெடியதுருத்து என்ற தீவில், ஆடம்பர விலாக்களோடு ஒரு ரிசார்ட் கட்டினார்கள். கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறியதாக, அதை இடிக்கச் சொல்லி 2013-ல் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2022-ல் இடிக்கத் தொடங்கினார்கள். கோடிகளைக் கொட்டியவர்களுக்கே இந்த நிலை என்றால், நம் 16 லட்சம் எந்த மூலைக்கு?

'காபி வருமானம் வரும் சார்!'

இது விளம்பரத்தில் கட்டாயம் இருக்கும். ஒரு சின்னக் கணக்குப் போடலாம். அராபிகா காபி, ஹெக்டேருக்கு வருடம் சுமார் 400 முதல் 500 கிலோ கிடைக்கும். ஒரு ஹெக்டேர் என்பது 247 சென்ட். அப்படியென்றால் 20 சென்ட்டுக்கு? 32-லிருந்து 40 கிலோ. அதில் பறிப்புக் கூலி, உரம், கவாத்து எல்லாம் கழியுங்கள். வீட்டுக்கு ஃபில்டர் காபி கிடைக்கும். இ.எம்.ஐ கட்ட முடியாது.

இன்னொரு வார்த்தையிலும் கவனமாக இருங்கள், 'பிரிபடாத பாகம்'. பத்து ஏக்கர் எஸ்டேட்டில் 50 பேருக்குப் பங்கு என்று பத்திரம் போடுவார்கள். கூட்டுப் பட்டாவில் உங்கள் பெயரும் வரும். ஆனால், உங்கள் 20 சென்ட் எது என்று எந்த வரைபடத்திலும் இருக்காது. நாளைக்கு விற்கப் போனால் அப்போதுதான் வலி தெரியும்.

துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் நண்பர்களுக்கும் இதை ஃபார்வேர்டு பண்ணுங்கள். அந்நியச் செலாவணி விதிகளின்படி, என்.ஆர்.ஐ-கள் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். 'ஃபார்ம்லேண்ட்' என்று விற்கப்படுவது பெரும்பாலும் இந்த வகைதான்.

அட்வான்ஸுக்கு முன் ஐந்து வேலை

* சர்வே எண்ணை வாங்குங்கள். கொடுக்கத் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.
* 'எங்கிருந்தும் எந்நேரத்திலும்' இணையதளத்தில் பட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் மூன்றையும் போனிலேயே பாருங்கள்.
* பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று பாருங்கள். 1975-லிருந்து ஆன்லைனில் தேடலாம். அதற்கு முந்தையது சார் பதிவாளர் அலுவலகத்தில்.
* 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைத் திட்டம் என்றால், ரெரா பதிவு எண் கேளுங்கள்.
* செலவைக் கூட்டுங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். 16 லட்சத்துக்கு 1,44,000 ரூபாய். விவசாய நிலத்துக்குப் பெரும்பாலும் ஹோம் லோன் கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிறகு, மலைநிலம் தெரிந்த உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் எல்லாக் காகிதத்தையும் காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் ஃபீஸ்தான், இந்த டீலிலேயே நீங்கள் செய்யும் உருப்படியான செலவு.

தோழி என்ன ஆனாள்?

சித்திரையில் போனாள். கிணற்றில் தண்ணீர் இல்லை. புலப்படத்தில் அந்த 20 சென்ட்டுக்குப் பாதையும் இல்லை. கொடுத்த ஒரு லட்சத்தில் பாதிதான் திரும்பி வந்தது. "அம்பதாயிரம் போச்சேன்னு அழுதேன். அப்புறம் மிச்சம் பதினஞ்சு லட்சம் தப்பிச்சதை நினைச்சுத் தூங்கிட்டேன்" என்றாள்.

இப்போதும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மலை வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. இப்போதெல்லாம் புரோக்கர் போன் பண்ணி "மேடம், சூப்பர் வியூ" என்று ஆரம்பித்தால், அவள் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, தடம் எந்த சர்வே நம்பர்ல வருது?"

பாதிப் பேர் அதோடு போனை வைத்துவிடுகிறார்களாம்.