டயலுக்குத்தான் விலை!

2021 நவம்பரில், ஜெனீவாவில் ஃபிலிப்ஸ் ஏல நிறுவனம் நடத்திய ஏலத்துக்கு ஒரு பழைய ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் வாட்ச் வந்தது. 1957-ல் அறிமுகமான முதல் மாடல். கறுப்பு டயல் வெயிலிலும் வயதிலும் வெளுத்து, காபித் தூள் நிறத்துக்கு வந்திருந்தது. 80 ஆயிரம் முதல் 1 லட்சத்து 20 ஆயிரம் சுவிஸ் ஃபிராங்க் வரை போகலாம் என்று மதிப்பிட்டிருந்தார்கள். கட்டணமெல்லாம் சேர்த்து அது போன விலை 31 லட்சத்து 15 ஆயிரத்து 500 ஃபிராங்க். அன்றைய கணக்கில் சுமார் 25 கோடி ரூபாய். வாங்கியது ஒமேகா நிறுவனமேதான், தன் அருங்காட்சியகத்துக்காக.

2023-ல் குட்டு உடைந்தது. அந்த வாட்ச் வெவ்வேறு வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய ஒன்று என்ற செய்தி சுவிஸ் பத்திரிகையில் வெளியானது. தன் முன்னாள் ஊழியர்கள் மூவருக்கு இதில் தொடர்பு உண்டென்றும், தாங்களும் ஏல நிறுவனமும் சேர்ந்தே ஏமாற்றப்பட்டதாகவும் ஒமேகா அறிவித்தது.

செய்த கம்பெனியையே ஏமாற்ற முடிகிறது என்றால், பழைய க்ரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் சேர்ந்த) வாட்சின் அசல்தன்மையை மற்றவர்கள் எப்படித்தான் கண்டுபிடிப்பது?

ஓட்டை எங்கே?

ஏலத்துக்கு முன் ஃபிலிப்ஸ் சும்மா இருந்துவிடவில்லை. வாட்ச் ரிப்பேர்காரர்கள் ‘மெஷின்’ என்று சொல்கிறார்களே, அந்த உள்பொறியில் பொறித்திருந்த எண்ணைக் கொடுத்து ஒமேகாவிடம் கேட்டது. அந்த மெஷின் எப்போது தயாரானது, எந்த மாடலில் பூட்டப்பட்டது என்ற விவரங்களை ஒமேகா உறுதிசெய்ததாக ஃபிலிப்ஸ் பின்னர் சொன்னது.

ஓட்டை அங்கேதான் இருக்கிறது. பழைய ஸ்பீட்மாஸ்டரில் வரிசை எண் மெஷினில் மட்டும்தான் உண்டு. பின்மூடியின் உட்புறத்தில் இருப்பது மாடல் எண். அந்த மாடலில் வந்த எல்லா வாட்சுக்கும் அது பொது. டயலுக்கோ, முள்ளுக்கோ, கண்ணாடியைச் சுற்றியிருக்கும் பெசலுக்கோ எண்ணே கிடையாது. கம்பெனியின் பதிவேடு மெஷினுக்குச் சாட்சி சொல்லும். அதைச் சுற்றி இன்று பூட்டியிருக்கும் பாகங்களுக்குச் சொல்லாது.

ஆனால், விலை இருப்பதென்னவோ எண் இல்லாத அந்தப் பாகங்களில். 1963-ல் ரோலெக்ஸ் டேடோனாவும் ஹோயர் கரேராவும் சந்தைக்கு வந்தன. இரண்டுக்குள்ளும் ஓடியது வால்ஜூ 72 என்ற ஒரே குடும்பத்து மெஷின். இன்றைய விலையிலோ டேடோனாவைக் கரேரா ஏணி வைத்தாலும் எட்டாது. டேடோனாவிலேயே, நடிகர் ஒருவரின் பெயரால் ‘பால் நியூமன் டயல்’ என்றழைக்கப்படும் ரகம் சாதாரண டயல் உள்ளதைவிடப் பல மடங்கு விலை போகிறது. உள்வட்டங்களின் கோட்டு நுனியில் குட்டிக் குட்டிச் சதுரங்கள், சற்று வித்தியாசமான எண்கள், வித்தியாசம் அவ்வளவுதான். கடைகளில் சீந்துவாரில்லாமல் கிடந்த டயல் அது. இன்று போலி அச்சடிப்பவர்கள் முதலில் கைவைப்பதும் அதில்தான்.

ஒன்றைக் கையில் எடுப்போம்

1960-களின் நடுவில் வந்த ஸ்பீட்மாஸ்டர் 105.012 மாடலை எடுத்துக்கொள்வோம். 1965 மார்ச் 1-ல் நாசா விண்வெளிப் பயணங்களுக்கு ஸ்பீட்மாஸ்டரைத் தேர்ந்தெடுத்தது. 1969-ல் விண்வெளி வீரர் ஆல்ட்ரின் நிலவில் கட்டியிருந்தது இந்த 105.012 மாடல்தான்.

முதலில் பெசல். அதில் இருப்பது வேகம் கணக்கிடும் அளவுகோல். வண்டி 1 கிலோமீட்டர் கடக்க 45 விநாடி ஆனால், முள் நிற்கும் இடத்தில் 80 என்றிருக்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் என்று அர்த்தம். இதே அளவுகோலில் 90 என்ற எண்ணுக்கு ஒரு புள்ளி உண்டு. 1960-களின் பெசலில் அந்தப் புள்ளி எண்ணின் தலைக்கு மேல் இருக்கும். 1970 வாக்கில் அது பக்கவாட்டுக்கு இறங்கிவிட்டது. கடுகளவுகூட இல்லாத அந்தப் புள்ளி இடம் மாறியிருந்தால், பெசல் பின்னாளில் மாட்டியது. தலையில் புள்ளியுள்ள பழைய பெசல் மட்டுமே ஆயிரம் டாலருக்கு மேல் விலை போகிறது.

அடுத்து டயல். இந்த மாடலில் ஒமேகாவின் சின்னம் தனி உலோகத்தில் செய்து பதித்திருக்கும். அச்சிட்ட சின்னம் 1969-க்குப் பிறகுதான் வழக்கமானது. ஆறு மணிக்குக் கீழே ‘சுவிஸ் மேட்’ என்ற சொற்களின் இரு பக்கமும் ஆங்கில ‘டி’ எழுத்து இருக்க வேண்டும். இருட்டில் ஒளிர டிரிடியம் பூசியிருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. ‘டி’ இல்லாமல், மாவு மாதிரி வெள்ளை வெளேரென்று புள்ளிகள் இருந்தால், 1990-களின் பிற்பகுதிக்கு மேல் வந்த மாற்று டயலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. டிரிடியம் சுமார் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 1966-ல் பூசியது இன்று நாலைந்து முறை பாதியாகிவிட்டது. ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா டார்ச்சை இருட்டறையில் டயல்மீது அடித்தால் பழைய பூச்சு ஒளிரும். டார்ச்சை அணைத்த கையோடு அதுவும் அணைந்துவிடும். அணைத்த பிறகும் நிமிடக்கணக்கில் பச்சையாக மின்னினால் பூச்சு புதுசு. முக்கியமாக, முள்ளையும் டயலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டயல் புள்ளிகள் நெய் நிறத்துக்குப் பழுத்திருக்க, முட்கள் மட்டும் பளீரென்று இருந்தால், இரண்டும் ஒரே காலம் வாழ்ந்தவை அல்ல.

பின்மூடியைத் திறக்காமல் காசு கொடுக்கக் கூடாது. 105.012-க்குள் இருக்க வேண்டியது 321 மெஷின். அதில் கோட்டைக் கொத்தளம் போன்ற பற்களுள்ள ஒரு குட்டிச் சக்கரம் உண்டு. பட்டனை அழுத்தும்போது அது ஒரு பல் நகர்ந்து, க்ரோனோகிராஃப் முள்ளை ஓடும் சக்கரத்தோடு இணைக்கும், பிரிக்கும். 1968-ல் வந்த 861 மெஷினில் இந்தச் சக்கரம் கிடையாது, தட்டையான நெம்புகோல்தான். ஆக, 105.012 பெட்டிக்குள் 861 இருந்தால் மெஷின் மாறியிருக்கிறது. பட்டனை அழுத்தி ஓட்டிப் பாருங்கள், நிறுத்துங்கள், பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். முள் சரியாகப் 12-ல் வந்து நிற்க வேண்டும்.

கடைசியாகக் கேஸ், அதாவது வெளிப்பெட்டி. பட்டையை மாட்டும் நான்கு கொம்புகளும் முறுக்கி வளைந்து, ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப பாலிஷ் போட்ட வாட்சில் அந்த ஓரங்கள், தேய்ந்த சோப்பைப் போல மழுங்கிக் கிடக்கும். போன உலோகம் போனதுதான்.

சர்வீஸ் செய்தது குற்றமா?

இல்லை. 1980-களில் ஒருவர் தன் ஸ்பீட்மாஸ்டரைக் கம்பெனி சர்வீஸுக்குக் கொடுத்திருந்தால், தேய்ந்த பெசலையும் மங்கிய முட்களையும் மாற்றிப் புதுசுபோலத் தந்திருப்பார்கள். வாட்சைத் தினமும் கட்டுபவருக்கு அது நல்ல வேலை. ஆனால், இன்றைய சந்தையில் அந்த நல்ல வேலையே விலையைக் குறைக்கிறது. இது அநியாயமாகத் தோன்றலாம். ஆனாலும், சர்வீஸில் மாறிய பாகத்தையும் ஏமாற்றுவதற்காக மாட்டிய பாகத்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. விற்பவர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் முதலாவது விலைப் பேச்சு. சொல்லாமல் மறைத்தால் இரண்டும் ஒன்றுதான்.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு முகம் உண்டு. பழைய எச்எம்டி, ஃபேவர் லூபா வாட்சுகளுக்குப் புது டயல் அச்சடித்து, விதவிதமான நிறங்களில் பளபளவென்று விற்பது மும்பையில் தனித் தொழிலாகவே நடக்கிறது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் ‘மும்பை ஸ்பெஷல்’ என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். 60 வயது வாட்சில் நேற்று அச்சடித்ததுபோல டயல் இருந்தால், மகிழ்ச்சியைவிடச் சந்தேகம்தான் முதலில் வர வேண்டும்.

யார் கையில் இருந்தது?

பாகங்கள் சொல்லாத விலையைச் சில சமயம் கை சொல்லும். நடிகர் பால் நியூமனின் டேடோனாவின் பின்மூடியில், கவனமாக ஓட்டச் சொல்லி மனைவி ஜோஆன் உட்வார்ட் பொறித்துக் கொடுத்த வாசகம் இருந்தது. மகளின் நண்பருக்கு நியூமன் அதைக் கொடுத்துவிட்டார். 2017 அக்டோபர் 26-ல் நியூயார்க் ஏலத்தில் அது 1 கோடியே 77 லட்சத்து 52 ஆயிரத்து 500 டாலருக்கு, சுமார் 115 கோடி ரூபாய்க்குப் போனது.

1971-ல் அப்போலோ 15 பயணத்தில் விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட்டின் ஒமேகாவின் கண்ணாடி கழன்றுவிட, அவர் கையோடு கொண்டுபோயிருந்த சொந்த புலோவா க்ரோனோகிராஃபைக் கட்டிக்கொண்டு நிலவில் நடந்தார். நாசா கொடுத்த ஒமேகாக்கள் அரசாங்கச் சொத்து, விற்க முடியாது. புலோவா அவருடையது. 2015-ல் அது 16 லட்சத்து 25 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. நிலவுக்குப் போன வாட்ச் என்று யாராவது விலை பேசினால், அது எப்படி அவர் கைக்கு வந்தது என்பதுதான் முதல் கேள்வி. வாய்க்கதைக்குக் காசு கிடையாது. புகைப்படம், ரசீது, கடிதம் இருந்தால் மட்டுமே கதை விலையாகும்.

விலை போடும்போது

விற்பவர்கள் போட்டிருக்கும் விலைகளைப் பார்த்து மலைக்க வேண்டாம். அது அவர்கள் ஆசைப்படும் விலை. ஏல நிறுவனங்கள் வெளியிடும் முடிவுகளில், அதே மாடல் அதே நிலையில் உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள். அதில் வாங்குபவர் கட்டும் கட்டணமும் சேர்ந்திருக்கும். விற்பவர் கைக்கு அவ்வளவு போவதில்லை. பிறகு மாறிய பாகங்களை ஒவ்வொன்றாகக் கழியுங்கள். டயல் மாறியிருந்தால் பெரும் கழிவு. பெசல், முள் என்றால் அசலைத் தேடி வாங்கும் செலவு. கண்ணாடி என்றால் பொருட்படுத்த வேண்டாம், அது தேய்ந்தால் மாற்றுவதற்கென்றே வைத்த பாகம்.

வீட்டிலேயே அப்பாவோ தாத்தாவோ கட்டிய க்ரோனோகிராஃப் இருக்கிறதா? ரிப்பேர் கடையில் கொடுக்கும்போது மூன்றே விஷயம் சொல்லுங்கள்: மெஷினைக் கழுவி எண்ணெய் விட்டால் போதும்; பாலிஷ் வேண்டாம்; எதையாவது மாற்றியே ஆக வேண்டுமென்றால், கழற்றிய பழைய பாகத்தை ஒரு பொட்டலத்தில் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குப்பைக்குப் போகவிருந்த அந்தப் பொட்டலம்தான், நாளைக்கு வாட்சின் பாதி விலை.