நாய்க்குட்டியின் கடியை அடியின்றித் திருத்தும் முறை

ஆட்டுப் பட்டிக்கும், களத்துக்கும், கோழிக் கூட்டுக்கும் காவலாக நாய் வளர்ப்பது நம் குடியானவர்களின் நெடுநாளைய வழக்கம். கோம்பை, இராஜபாளையம், சிப்பிப்பாறை ஆகிய ஊர்ப் பெயர்களால் வழங்கும் ஜாதி நாய்களும், சாதாரண நாட்டு நாய்களும் இவ்வூழியத்தைச் செவ்வனே செய்கின்றன. எனினும், குட்டிப் பருவத்தில் அதன் பல்லை அடக்கப் பழக்காது விட்டு, பின்னர் அது ஆட்டுக்குட்டியின் காலையோ குழந்தையின் கையையோ கடித்தபின் வருந்துவோர் பலர். இதைத் தடுப்பது எளிது, செலவும் அற்பமே.

கடிப்பதன் காரணம்

நாய்க்குட்டிக்கு வாயே கையாகும். எதையும் கவ்விப் பார்த்தே அது அறிகிறது. 3 முதல் 6 வாரங்களுக்குள் அதற்கு ஊசி போன்ற 28 பாற்பற்கள் முளைக்கின்றன. 3 மாதங்களுக்குப் பின் இவை விழத் தொடங்கி, ஏறக்குறைய 7 மாதங்களுக்குள் 42 நிலைப்பற்கள் அமைகின்றன. அக்காலத்தில் ஈறு நமைப்பதால் கண்டதையெல்லாம் கடிக்கும். இது குரோதத்தால் நேர்வதன்று.

விளையாட்டில் ஒரு குட்டி அழுந்தக் கடித்தால், கடிபட்ட குட்டி வீரிட்டு விலகிவிடும். விளையாட்டு நின்றுபோவதால், எவ்வளவு அழுத்தினால் பிறருக்கு நோகும் என்பதைக் கடித்த குட்டி கற்கிறது. ஆகையால் 8 வாரங்கள் நிரம்புமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தல் தகாது. குட்டி பிறருடன் இணங்கக் கற்கும் முக்கிய பருவம் ஏறத்தாழ 3 முதல் 12 வாரங்கள் என்பதை அமெரிக்காவில் ஜாக்ஸன் ஆராய்ச்சிச்சாலையைச் சேர்ந்த ஸ்காட், புல்லர் என்னும் இருவர் 1965இல் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளனர்.

அடிப்பதன் தீமை

மூக்கில் அடித்தல், வாயை இறுகப் பிடித்தல், மிளகாய் தடவுதல் ஆகியவை பயன் தாரா. கையைக் கண்டால் அஞ்சும் நாய், அந்த அச்சத்தினாலேயே கடிக்கத் துணியும். உறுமுவது நாய் தரும் எச்சரிக்கை. உறுமியதற்காக அடிபட்ட நாய் உறுமலை விட்டுவிடும், அச்சத்தை விடாது. அத்தகைய நாய் யாதொரு அறிகுறியுமின்றிக் கடிக்கும். காவலுக்கு முரடாக வேண்டுமென்று குட்டியை உசுப்பிக் கைகால்களைக் கடிக்கவிடுவதும் தவறே. காவல் நாய் அந்நியரைக் கண்டு குரைத்து அறிவித்தலே போதுமானது.

பழக்கும் முறை

1. தரையில் அமர்ந்து குட்டியுடன் விளையாடுக. அழுந்தக் கடித்தவுடன் கையை அசைக்காது நிறுத்தி, மெல்ல விலக்கி, 10 முதல் 20 விநாடி முகந்திருப்பி இருக்க. கையை வெடுக்கென இழுத்தால் குட்டி அதைத் துரத்தும். அது அமைதியுற்றபின் மீண்டும் விளையாடுக.

2. மெல்ல வாய் வைத்தாலோ, நக்கினாலோ உடனே புகழ்ந்து, துவரம்பருப்பளவு வெந்த முட்டையோ இறைச்சியோ தருக. தாமதித்துத் தரும் வெகுமதி எதற்கென்று குட்டிக்கு விளங்காது.

3. முதலில் கடுங்கடிக்கு மட்டும் விளையாட்டை நிறுத்துக. சில வாரங்களில் இலேசான கடிக்கும், இறுதியில் பல் மேலே பட்டாலே போதுமென்றும் படிப்படியாக விதியை இறுக்குக. முதலில் வலிமை குறைதல், பின்னர் கடித்தலே நிற்றல் என்பதே முறை.

4. ஈறு நமைச்சலுக்குத் தடித்த கயிற்று முடிச்சை நனைத்துக் கொடுக்கலாம். நூலை விழுங்காதபடி கவனித்தல் அவசியம். வெந்த எலும்பு சிதறிக் குடலைக் கிழிக்குமாதலால் ஆகாது.

5. வாயில் கவ்வியதைப் பிடுங்காது, அதனினும் சுவையான ஒன்றைக் காட்டி, "விடு" என்று சொல்லி மாற்றிக்கொள்க.

6. ஆட்டுக்குட்டிகளுக்கும் கோழிக்குஞ்சுகளுக்கும் அருகே கயிற்றில் பிடித்து இருத்தி, அமைதியாயிருக்கும்போதெல்லாம் வெகுமதி தருக. ஓடும் குஞ்சைத் துரத்தி ஒருமுறை ருசி கண்டால் திருத்துவது கடினம்.

7. வீட்டார் அனைவரும் ஒரே முறையைக் கையாளவேண்டும். ஒருவர் தடுக்க, மற்றொருவர் கடிக்கவிட்டால் பயிற்சி வீணாகும். சிறு குழந்தைகளைப் பெரியோர் துணையின்றிக் குட்டியுடன் விடலாகாது. உறக்கம் போதாத குட்டி அதிகமாகக் கடிக்குமாதலால், அதைத் தட்டி எழுப்புதலும் கூடாது.

வெறிநோய் எச்சரிக்கை

குட்டியின் பல் பட்டுச் சிறு கீறல் ஏற்பட்டாலும் அலட்சியம் செய்யாது, உடனே சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவி, வைத்தியசாலைக்குச் செல்க. மஞ்சளோ சுண்ணாம்போ வைத்துக் காத்திருத்தல் உயிருக்கு அபாயம். வெறிநோய்க் குறிகள் தோன்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது. குட்டிக்கு 3 மாத வயதில் தடுப்பூசி போட்டு, கால்நடை வைத்தியர் குறிக்கும் நாளில் மறு ஊசியும், பின்னர் ஆண்டுதோறும் ஊசியும் போடுவித்தல் வேண்டும்.

கிராம அதிகாரிகள் இதில் பேருதவி புரியலாம். கால்நடை மருந்தகத்தாருடன் பேசித் தடுப்பூசி முகாம் நடத்துவித்தலும், தன் நாயால் பிறர் உயிருக்கோ உடலுக்கோ அபாயம் நேராதபடி காவாத உரிமையாளருக்கு, 1-7-2024 முதல் அமுலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம் என்பதை ஊரார்க்கு அறிவித்தலும் நன்று.

விதை நாற்றங்காலில் காட்டும் கவனமே விளைச்சலாகிறது. அவ்வாறே, 8 வாரக் குட்டியிடம் தினம் இருவேளை, வேளைக்கு 5 நிமிஷம் செலவிடும் குடியானவர், அஞ்சத்தக்க நாயையன்றி நம்பத்தக்க காவலைப் பெறுவர்.