மழைக்கு முன் சுவரைப் பாருங்கள்! வீட்டின் வெளிச்சுவரைக் காப்பது எப்படி?

செஞ்சியில் பனிக்கட்டி விழுவதில்லை. ஆகவே, குளிர்காலம் வீட்டுச் சுவரை ஒன்றும் செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

செஞ்சியை அடுத்த வல்லம் வட்டாரத்தில் குளிர் தனியாக வருவதில்லை. மழையோடு வருகிறது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். கார்த்திகையில் புயல் மிரட்டும். மார்கழியில் பனி கொட்டும். இந்த மூன்று மாதமும் நனைந்த சுவர் சரியாகக் காய்வதில்லை.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. செஞ்சிக்குத் தென்கிழக்கே உள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வெட்டவெளியில் ஒரு தொட்டி வைத்திருந்தால், அதில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றிருக்கும்!

நனைந்த சுவர் உயிரையும் குடிக்கும். 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி அதிகாலையில், மேட்டுப்பாளையம் அருகே நடூரில், மழையில் ஊறிய சுற்றுச்சுவர் ஒன்று வீடுகள் மீது சாய்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டனர்.

தண்ணீர் வரும் மூன்று வழிகள்

சுவருக்குள் தண்ணீர் மூன்று வழியாக நுழைகிறது. மேலே கூரை விளிம்பிலிருந்து ஒழுகுகிறது. பக்கவாட்டில் சாரல் அடித்து, விரிசல் வழியே புகுகிறது. கீழே தரையில் தேங்கிய நீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் சுவரில் ஏறுகிறது.

ஆகவே மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தையும் பார்க்க வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் பார்ப்பது நல்லது.

மேலே: கூரை சுவரைத் தாண்டி ஒன்றரை அடியாவது நீண்டிருக்க வேண்டும். மாடி வீடானால், மழைநீர்க் குழாயில் சருகு அடைத்திருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிட வேண்டும். சுவரில் முளைத்த அரசங்கன்றைச் சிறியதாக இருக்கும்போதே வேரோடு எடுக்க வேண்டும். தலையை மட்டும் கிள்ளினால் அது மீண்டும் தழைக்கும். வேர் பருத்துச் சுவரைப் பிளக்கும்.

கீழே: சுவரை ஒட்டி விறகு, எரு, மண் எதையும் குவிக்கக் கூடாது. தரை, வீட்டை விட்டு வெளிப்பக்கம் சரிவாக இருக்கட்டும். பழைய வீடுகளின் திண்ணை உட்கார மட்டும் ஏற்பட்டதல்ல. மழைநீர் தெறித்துச் சுவரின் அடியைக் கரைக்காமலும் அது காக்கிறது.

விரிசலுக்கு ஒரு சோதனை

மயிரிழை போன்ற விரிசலுக்குப் பயப்பட வேண்டாம். அடைத்தால் போதும். ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு உள்ளே நுழைந்தால் கவனிக்க வேண்டும். விரிசலின் குறுக்கே ஒரு காகிதத் துண்டை இழுத்து ஒட்டித் தேதி எழுதுங்கள். சில வாரத்தில் காகிதம் கிழிந்தால், சுவர் இன்னும் அசைகிறது என்று அர்த்தம். உடனே அனுபவமுள்ள கொத்தனாரை அழைக்க வேண்டும்.

பூச்சை விரலால் தட்டிப் பாருங்கள். வெற்றுப் பானையைத் தட்டியதுபோல் ஓசை வந்தால், பூச்சு சுவரை விட்டுப் பிரிந்துவிட்டது. அந்தப் பகுதியைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும்.

மண்ணுக்கு மண், சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பு

மண்சுவர் மீது சிமெண்டு பூசினால் பலம் என்று சிலர் எண்ணுகிறார்கள். மண்சுவர் ஈரத்தை உறிஞ்சும். வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். சிமெண்டுப் பூச்சு அந்த வழியை அடைக்கிறது. சிறு விரிசலில் புகுந்த நீர் வெளியேற முடியாமல் உள்ளேயே தங்குகிறது. வெளியே சுவர் அழகாகத் தெரியும். உள்ளே மண் சேறாகிக்கொண்டிருக்கும்!

எந்தப் பொருளால் சுவர் பூசப்பட்டதோ, அதே பொருளால் பழுது பார்ப்பதே முறை. மண்சுவருக்கு, நறுக்கிய வைக்கோல் சேர்த்து மிதித்துப் புளிக்க வைத்த மண் ஏற்றது. அது காய்ந்த பின் சுண்ணாம்பு அடிக்கலாம். சிமெண்டுச் சுவருக்குச் சிமெண்டு பூசி, ஏழு நாளாவது தண்ணீர் தெளித்து வர வேண்டும்.

சுண்ணாம்பின் பெருமையை அறியச் செஞ்சிக் கோட்டைக்குள் போனால் போதும். கல்யாண மகாலிலும் களஞ்சியத்திலும் பல நூற்றாண்டு மழையைத் தாங்கிய சுண்ணாம்புக் காரையை இன்றும் காணலாம். சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு, நீற்றி, மணலோடு குழைத்துப் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மீண்டும் கல்லாக இறுகுகிறது. இந்தக் கோட்டை, 2025-ஆம் ஆண்டில் மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

ஒரு எச்சரிக்கை: சுண்ணாம்பு நீற்றும்போது கொதிக்கும். கண்ணில் பட்டால் பார்வை கெடும். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

பனி நாட்டில் எப்படி?

கனடா போன்ற குளிர் நாடுகளில் குடியேறிய தமிழர்களுக்கும் இந்தக் கவலை உண்டு. அங்கே பல வீடுகளின் வெளிப்புறத்தில் மரப்பலகையோ பிளாஸ்டிக் பலகையோ பதித்திருக்கும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவிகிதம் பருக்கும். விரிசலில் நின்ற நீர் உறைந்து பருத்தால் செங்கல்லும் உடையும். கடுங்குளிரில் பிளாஸ்டிக் பலகை எளிதில் நொறுங்கும் தன்மை பெறுகிறது. பந்து பட்டாலும் வெடிக்கலாம். ஆகவே அதில் ஒட்டிய பனிக்கட்டியைத் தட்டி உடைக்கக் கூடாது. அவர்களும் குளிர் வருவதற்கு முன்பே விரிசலை அடைத்து, கூரைக் குழாயில் விழுந்த இலைகளை அள்ளிவிடுகிறார்கள்.

பொங்கலுக்கு வெள்ளை

மார்கழியில் வெயில் படாத வடக்குச் சுவரில் பாசி படியும். உலர்ந்த துடைப்பத்தால் தேய்த்து எடுக்கலாம். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். உப்பு கரைந்து மீண்டும் உள்ளே போகும். தூரிகையால் தட்டி எடுத்துவிட்டு, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஈரம் நின்று, சுவர் காய்ந்த பிறகே வெள்ளையடிக்க வேண்டும்.

மழை நாளில் சுவர் வயிறு தள்ளினாலும், சாய்ந்தாலும், திடீரென்று கதவு மூட முடியாமல் இறுகினாலும் தாமதிக்க வேண்டாம். அந்தச் சுவரோரம் யாரும் படுக்கக் கூடாது. மாட்டையும் கட்டக் கூடாது. பாத்திரம் பண்டங்களைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். முதலில் குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துக்கொண்டு, உறுதியான கட்டடத்துக்குப் போய்விட வேண்டும்.